வடகிழக்குத் தொகுதியில் நம் வாக்கு எங்கே?

உங்களிடம் ஒரு கேள்வி. மும்பை வடகிழக்கு நாடாளுமன்றத் தொகுதி 1967-இல் பிறந்தது. அன்று முதல் இன்று வரை அந்தத் தொகுதியில் அடுத்தடுத்து இரண்டு பொதுத் தேர்தல்களில் வென்ற ஒரே மனிதர் யார்?

குருதாஸ் காமத் என்று சிலர் சொல்லக்கூடும். அவர் நான்கு முறை வென்றவர். ஆனால் ஒரு முறை வென்றால் மறுமுறை விட்டுத்தான் வென்றார். பிரமோத் மகாஜன்? 1996-இல் வென்று 1998-இல் தோற்றார். கிரித் சோமையா இருமுறை வென்றார். இரண்டுக்கும் நடுவே பதினைந்து ஆண்டு. தொடர்ந்து இருமுறை, 1977-இலும் 1980-இலும், இந்தத் தொகுதியைக் கையில் வைத்திருந்தவர் சுப்பிரமணியன் சுவாமி. சென்னை மயிலாப்பூரில் பிறந்த தமிழர்!

இதைக் கேட்டதும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள வேண்டாம். அந்த வெற்றிக்கு நாம் காரணமா, அந்த வெற்றியால் நமக்கு ஆனது என்ன என்று பார்த்தால் நிமிர்ந்த நெஞ்சு தானே தாழ்ந்துவிடும். தொகுதியின் கதையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம். நம் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதைச் சொல்லித் தரப்போவதில்லை.

தொகுதியின் முதல் தேர்தலே தென்னாட்டான் மீது தொடுக்கப்பட்ட போராகத்தான் நடந்தது. வி.கே. கிருஷ்ண மேனன் 1957-இலும் 1962-இலும் வடக்கு பம்பாயில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று வென்றவர். 1962-இல் ஆச்சார்ய கிருபளானி என்ற பெருந்தலைவரையே மண்ணைக் கவ்வ வைத்தார். அதே ஆண்டு இறுதியில் சீனப் படையெடுப்பு வந்தது. பாதுகாப்பு அமைச்சர் பதவி போயிற்று. ஆனால் 1967-இல் அவருக்குக் காங்கிரஸ் சீட்டு மறுக்கப்பட்டபோது சொல்லப்பட்ட காரணம் சீனா அல்ல. அவர் மகாராஷ்டிரர் அல்லர் என்பதே! பத்தாண்டு பம்பாயின் பிரதிநிதியாக இருந்தவர், மந்திரியாக இருந்தவர், திடீரென்று வெளியூர்க்காரர் ஆகிவிட்டார். கட்சியை விட்டு விலகிச் சுயேச்சையாகப் புதிய வடகிழக்குத் தொகுதியில் நின்றார்.

அதற்கு முந்திய ஆண்டில்தான், 1966 ஜூன் 19-ஆம் நாள், பால் தாக்கரே சிவசேனையைத் தொடங்கியிருந்தார். அவருடைய ‘மார்மிக்’ வார இதழில் அலுவலகம் அலுவலகமாகத் தென்னாட்டுப் பெயர்கள் பட்டியல் போட்டு அச்சிடப்பட்டன. “ஹட்டாவோ லுங்கி, பஜாவோ புங்கி” என்ற கூச்சல் தெருவெல்லாம் கேட்டது. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. மேனன் மலையாளி, ஓட்டல்காரர் கன்னடக்காரர், வேட்டியை மடித்துக் கட்டிய கூலித் தொழிலாளி திருநெல்வேலிக்காரர். அடிக்க வந்தவனுக்கு இந்த வேறுபாடெல்லாம் தெரியாது, எல்லோரும் ‘மதராஸி’தான். நமக்குள் ஆயிரம் வேற்றுமை பாராட்டுகிற நாம், அடி வாங்கும்போது மட்டும் ஒன்றாக வாங்கியவர்கள்!

அந்தத் தேர்தலில் காங்கிரஸ் சார்பில் நின்றவர் எஸ்.ஜி. பார்வே, பழைய ஐ.சி.எஸ். அதிகாரி. சேனையின் பிரசாரம் மேனனுக்கு எதிராகச் சுழன்றடித்தது. சுமார் 13,000 வாக்கில் மேனன் தோற்றார். வென்ற பார்வே சில நாட்களிலேயே காலமானார். இடைத்தேர்தலில் பார்வேயின் சகோதரி தாரா சப்ரே காங்கிரஸ் வேட்பாளரானார், மேனன் மறுபடி நின்றார், மறுபடி தோற்றார். பம்பாய் கைவிட்ட அந்த மனிதரை 1969-இல் வங்காளத்து மித்னாப்பூர் மக்கள் தேர்ந்தெடுத்துத் தில்லிக்கு அனுப்பினார்கள். வங்காளிக்கு மேனன் என்ன உறவு? மொழி பார்த்து ஓட்டுப் போடுவது மண்ணின் இயற்கை என்று சொல்லுகிறவர்கள் இதற்கு விடை சொல்லட்டும்.

1971-இல் தொழிற்சங்கத்துக்காரரான ராஜாராம் குல்கர்ணி காங்கிரஸ் சார்பில் வென்றார். இந்திரா அலை அடித்த ஆண்டு. அதைப் பற்றி விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது அதற்குப் பின் வந்த நெருக்கடி நிலைக் காலம். மான்கூர்டை ஒட்டி அணுசக்தி நிலையத்தின் பக்கத்தில் ஜனதா காலனி என்றொரு குடியிருப்பு இருந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏறத்தாழ 70,000 பேர் வாழ்ந்த இடம். அவர்களில் தமிழர் ஏராளம். அந்த நிலத்தை அணுசக்தி நிலையம் கேட்டது. குடிசை மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள், வழக்காடினார்கள், தில்லி வரை போய்ப் பிரதமரையே பார்த்தார்கள். அவர்களை முன்னின்று நடத்தியவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழர் ஜாக்கின் அற்புதம். பின்னாளில் மகசேசே விருது பெற்று, நாடு நாடாகக் குடிசை மக்களை ஒன்றுதிரட்டி, 2018-இல் மறைந்தாரே, அவரேதான். கடைசியில் 1976 மே மாதத்தில் காவல் படையோடு வந்து காலனியை இடித்துத் தள்ளி, மக்களை டிராம்பே சதுப்பு ஓரத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். இன்றைய சீத்தா கேம்ப் அப்படிப் பிறந்ததுதான். நெருக்கடி நிலை, கேட்க ஆளில்லை, எழுதப் பத்திரிகையில்லை.

பத்தே மாதத்தில் 1977 மார்ச் தேர்தல் வந்தது. குடிசை இழந்தவன் கையில் மிச்சமிருந்தது வாக்குச் சீட்டு ஒன்றே. அதை அவன் எப்படிப் பயன்படுத்தியிருப்பான் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை.

அந்தத் தேர்தலில்தான் ஜனதா கட்சி வேட்பாளராக சுப்பிரமணியன் சுவாமி இங்கே வந்தார். கைது உத்தரவு இருந்தும் 1976 ஆகஸ்டில் மாநிலங்களவைக்குள் திடீரெனத் தோன்றி, கையெழுத்திட்டு, எழுந்து பேசி, காவலர் கண்ணில் படாமல் மறைந்தாரே, அந்தப் புகழ் அவருக்கு முன்னே வந்து நின்றது. வென்றார். 1980-இல் நாடெங்கும் இந்திரா காந்தி மீண்டும் எழுந்தபோதும் இந்தத் தொகுதி அவரை விடவில்லை.

ஆனால் அவர் தமிழர் என்பதற்காக வெல்லவில்லை. நெருக்கடி நிலையின் மீது மக்களுக்கு இருந்த ஆத்திரம், முலுண்ட், காட்கோபர் குஜராத்தி வணிகர்களிடமும் மராட்டிய நடுத்தர வர்க்கத்திடமும் பழைய ஜனசங்கத்துக்கு இருந்த பிடி, இவையே அவரைத் தூக்கி நிறுத்தின என்பது என் எண்ணம். அவருடைய கண்ணும் எப்போதும் தில்லி மீதும் வெளிநாட்டு விவகாரங்கள் மீதும்தான் இருந்தது. 1981-இல் பீஜிங் போனார்; கைலாச யாத்திரைக்கு வழி திறந்ததைத் தம் சாதனையாகச் சொன்னார். கைலாசத்துக்கு வழி திறந்தது நல்லதுதான். சோனாப்பூரிலிருந்து பாண்டுப் ஸ்டேஷனுக்கு மழைக்காலத்தில் நடந்து வருகிறவனுக்கு அதனால் என்ன? தமிழ்ப் பெயர் கொண்ட ஒருவர் வென்றுவிட்டால் தமிழன் குறை தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் அந்த ஏழாண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். நம்மிடம் கணக்குக் கேட்கும் பலம் இல்லாதபோது, வென்றவர் நம் மொழி பேசினால் என்ன, வேறு மொழி பேசினால் என்ன?

1984-இல், இந்திரா காந்தி படுகொலைக்குப் பின் நடந்த தேர்தலில், குருதாஸ் காமத் காங்கிரஸ் சார்பில் வந்தார். அதே தேர்தலில், அதே அலையில், பக்கத்துத் தென்மத்திய பம்பாயில் காங்கிரசை எதிர்த்து நின்று வென்றவர் டாக்டர் தத்தா சாமந்த். 1982-இல் தொடங்கிய மில் வேலைநிறுத்தத்தில் பட்டினி கிடந்த தொழிலாளர்கள் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். வேலைநிறுத்தம் தோற்றது, மில்கள் மூடின. ஆனாலும் தங்கள் வாக்கு எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கிர்காமிலும் பரளிலும் வாழ்ந்தாலும் கொங்கணத்தில் வீடும் நிலமும் வைத்திருந்தவர்கள்தாம் அவர்களும். ஊர்ப்பாசம் நமக்கு மட்டும் உரியதல்ல!

அதன் பிறகு வடகிழக்குத் தொகுதி கிணற்று உருளையில் தொங்கும் இரட்டை வாளிபோல ஆயிற்று. ஒன்று ஏறினால் ஒன்று இறங்கும். 1989-இல் பாரதிய ஜனதாவின் ஜெயவந்திபென் மேத்தா, 1991-இல் காமத், 1996-இல் பிரமோத் மகாஜன், 1998-இல் காமத், 1999-இல் கிரித் சோமையா, 2004-இல் மறுபடி காமத். முலுண்டும் கிழக்குக் காட்கோபரும் ஒரு பக்கம் இழுக்கும். குடிசைப் பகுதிகள், இஸ்லாமியர், தலித் மக்கள், வடநாட்டார், தென்னாட்டார் மறுபக்கம் இழுப்பார்கள். பாண்டுப், விக்ரோலி மராட்டியத் தொழிலாளி சேனையின் கொடியைப் பார்த்து நடப்பான். இந்தச் சமநிலையில் சில ஆயிரம் வாக்குகள் இப்படியோ அப்படியோ சாய்ந்தால் போதும், உறுப்பினர் மாறிவிடுவார்.

2008-இல் தொகுதி எல்லைகள் திருத்தி வரையப்பட்டன. முலுண்ட், விக்ரோலி, பாண்டுப் மேற்கு, காட்கோபர் மேற்கு, காட்கோபர் கிழக்கு, மான்கூர்ட் சிவாஜி நகர் ஆகிய ஆறும் வடகிழக்கில் அமைந்தன. தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், அணுசக்தி நகர் ஆகியவை தென்மத்தியத்தில். மும்பைத் தமிழர் அடர்ந்து வாழும் இடங்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். கோடு எங்கே ஓடுகிறது என்று தெரியும். நம்மைப் பிரிக்கவென்றே வரைந்தார்கள் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. நம்மை நினைத்துப் பார்த்து வரைந்திருந்தால்தானே பிரித்தார்கள் என்று சொல்ல முடியும்?

அப்படி வரையப்பட்ட பின் வந்த முதல் தேர்தல் 2009. இந்தத் தேர்தலைத்தான் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் மனத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தேசியவாத காங்கிரசின் சஞ்சய் தினா பாட்டீலுக்கு 2,13,505. சோமையாவுக்கு 2,10,572. ராஜ் தாக்கரேயின் நவநிர்மாண் சேனை சார்பில் நின்ற சிசிர் ஷிண்டேவுக்கு 1,95,148. மூவரும் கிட்டத்தட்டச் சமம்! வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடைவெளி 2,933 வாக்கு. ‘மண்ணின் மைந்தர்’ முழக்கத்தோடு வந்த கட்சி, வெற்றிக்கு 18,000 சொச்சம் வாக்குக் கீழே நின்றது. அதே ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் ஷிண்டே நம் பாண்டுப் மேற்கிலேயே வென்றும் காட்டினார். 2009 மக்களவைத் தேர்தலில் மும்பை முழுவதும் வாக்களித்தவர் நூற்றுக்கு 41 பேர் அளவே. வராமல் வீட்டில் இருந்த மற்றவர்களில் நாம் எத்தனை பேர்?

அடுத்தவை பெரிய அலைகள். 2014-இல் சோமையா 3,17,122 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஏழைகளின் குடியிருப்புக்காகவும் நருமதைக்காகவும் போராடிய மேதா பட்கர் ஆம் ஆத்மி வேட்பாளராக நின்று 76,000 சொச்சம் வாக்கோடு நின்றுவிட்டார். 2019-இல் சிவசேனையின் எதிர்ப்பால் சோமையாவுக்குச் சீட்டு கிடைக்கவில்லை. மனோஜ் கோட்டக் 2,26,486 வித்தியாசத்தில் வென்றார். 1980-க்குப் பின் ஒரு கட்சி இந்தத் தொகுதியைத் தக்கவைத்தது அதுவே முதல் முறை. 2024-இல் வாளி மறுபடி இறங்கியது. உத்தவ் தாக்கரே சேனையின் வேட்பாளராக வந்த அதே சஞ்சய் தினா பாட்டீல், பாரதிய ஜனதாவின் மிஹிர் கோட்டேச்சாவை 29,861 வாக்கில் வென்றார். முலுண்ட் ஒரு பக்கம் கொட்டிக் கொடுத்ததை மான்கூர்ட் சிவாஜி நகர் மறுபக்கம் ஈடுகட்டியது. ஒரு காலத்தில் மேனனை விரட்டிய கொடியின் கீழ் நின்றவருக்கு, அந்தக் கொடியைக் கண்டு அஞ்சிய மக்களே வாக்களித்து வெல்ல வைத்தார்கள். அரசியலில் இதெல்லாம் நடக்கும். அதே கொடிக்காரரின் வாரிசுகள் நாளை எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று யார் கண்டது? 2026 ஜனவரி மாநகராட்சித் தேர்தலின்போது அந்த லுங்கி முழக்கம் மேடையில் மறுபடி கேட்டதே! அறுபது ஆண்டு ஆகியும் அதற்கு வயதாகவில்லை.

சரி, நம் கணக்குக்கு வருவோம். 2,933 வாக்கு என்பது எவ்வளவு? நம் பகுதியில் சில சால்கள், சில சந்துகள். வீட்டுக்கு மூன்று வாக்கு என்று வைத்தால் ஆயிரம் குடும்பத்துக்கும் குறைவு. ஆயிரம் தமிழ்க் குடும்பம் பாண்டுப் முதல் மான்கூர்ட் வரை இல்லையா? இருக்கிறது. பட்டியலில் இருக்கிறதா என்பதே கேள்வி.

இங்கே ஒரு வினோதம். நம்மில் பலருக்கு ஓட்டு ஊரில். பிறந்த ஊரில் பெயர் இருந்தால் நாமும் அந்த ஊர்க்காரராகவே இருப்போம் என்ற ஆசை. சிலருக்கு இரண்டு இடத்திலும். சிலருக்கு இரண்டிலும் இல்லை. 2024-இல் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. மும்பையில் மே 20. ஏப்ரலில் இங்கே வேலை, பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஊருக்குப் போக முடியாது. மே வந்தால் விடுமுறை, அம்மன் கோயில் கொடை, கல்யாணம், குடும்பத்தோடு ரயிலேறிவிடுகிறோம். ஆக, அங்கே வாக்களிக்க வேண்டிய நாளில் இங்கே இருந்தோம். இங்கே வாக்களிக்க வேண்டிய நாளில் அங்கே இருந்தோம்!

இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கும் அண்ணாச்சிகளுக்கு ஒரு வார்த்தை. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ஒருவர் ஒரு தொகுதிக்கு மேல் பட்டியலில் இருக்கக்கூடாது என்கிறது. பொய்யான உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் ஓராண்டு வரை சிறை. ‘வழக்கமாகக் குடியிருக்கும் இடம்’ எதுவோ அங்கேதான் பெயர். ஊரில் வீடு இருக்கிறது என்பது மட்டும் போதாது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது என்ன நடந்தது? வீடு வீடாக வந்தார்கள். பூட்டிய கதவைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் கேட்டால், “அவங்க பம்பாயில இருக்காங்க” என்பார்கள், உண்மையைத்தான் சொல்வார்கள். அந்த ஒரு சொல் போதும், ‘இடம்பெயர்ந்தவர்’ என்று குறித்துவிட. இருபது ஆண்டுக்கு முந்திய பட்டியலில் உன் பெயரோ உன் பெற்றோர் பெயரோ உண்டா என்று கேட்கிற காலம் இது.

இங்கேயோ வாக்காளர் பட்டியல் என்பது வாக்குக்கு மட்டுமான காகிதம் அல்ல. குடிசை மறுவாழ்வுத் திட்டம் வந்தபோது, 1995 ஜனவரி 1-ஆம் நாளுக்கான வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் இலவச வீடு என்றார்கள். பிறகு அந்த நாள் 2000 என்று நகர்ந்தது. 2011 வரை வந்தவருக்குப் பணம் கட்டினால் வீடு என்றானது. முப்பது ஆண்டு ஒரே கோலியில் வாழ்ந்தவன், பெயரை ஊரில் வைத்திருந்த காரணத்தால், அடுக்குமாடி எழும்பும்போது தெருவில் நிற்கிறான். நேற்று வந்தவன் பட்டியலில் பெயரோடு சாவி வாங்குகிறான்.

தாய்மார்கள் கேட்கக்கூடும்: ஊரில் பெயர் போய்விட்டால் ரேஷன் அட்டை என்னாவது, மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் என்னாவது என்று. நியாயமான கேள்விதான், வயிற்றோடு சம்பந்தப்பட்டது. ஊரிலேயே மாமியார், பிள்ளைகளோடு இருந்துகொண்டு கணவர் மட்டும் இங்கே உழைக்கும் குடும்பங்கள் அங்கேயே வாக்கை வைத்திருப்பதுதான் முறை. ஆனால் இருபது ஆண்டாக இங்கேயே குடித்தனம் நடத்துகிறவர்கள்? 2024-இல் மகாராஷ்டிர அரசு லாட்கி பஹின் திட்டத்தில் மாதம் 1,500 ரூபாய் அறிவித்தபோது, இருப்பிடச் சான்று இல்லாதவர்கள் பதினைந்து ஆண்டுக்கு முந்திய இங்கத்திய ரேஷன் அட்டையோ வாக்காளர் அட்டையோ காட்டலாம் என்றார்கள். நம் பெண்கள் எத்தனை பேரால் காட்ட முடிந்தது?

சயான் கோலிவாடாவைப் பாருங்கள். புதுக்கோட்டைச் சீமையிலிருந்து பிழைக்க வந்த கேப்டன் தமிழ்ச்செல்வன் 2014, 2019, 2024 என மூன்று முறை அங்கே சட்டமன்றத்துக்குப் போனார். அவர் கட்சி நமக்கு உடன்பாடா இல்லையா என்பது வேறு வழக்கு. தமிழர் மட்டும் ஓட்டுப் போட்டு அவர் வெல்லவும் இல்லை. ஆனால் தமிழர் பெயர் பட்டியலில் இருந்ததால், எந்தக் கட்சியும் அங்கே தமிழனை மறந்துவிட்டுக் கணக்குப் போட முடியவில்லை. பாண்டுப்பில் கட்சிக்காரர்கள் நம் சந்துக்கு வருவது எப்போது? பிரசாரம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு பொன்னாடையோடு.

தமிழனையே நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. 1977-இன் பாடம் அதற்கு நேர் எதிரானது. எந்தக் கட்சி நிறுத்தும் வேட்பாளரானாலும், மராட்டியரோ குஜராத்தியோ, நம் தெருவுக்குள் வந்து, குடிசைச் சீரமைப்புக்கு, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கு, குழாய்த் தண்ணீருக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகவேண்டும். அவ்வளவுதான். நகரின் தண்ணீரில் பெரும்பகுதி நம் பாண்டுப் சுத்திகரிப்பு நிலையத்தின் வழியாகப் போகிறது; மேட்டுக் குடிசைக்குக் குடம் ஏறவில்லையென்றால் எந்த நகரசேவகரைக் கேட்பது? 227 வார்டுகளில் நம்முடையது எது என்றே பலருக்குத் தெரியாதே! 2022 மார்ச் முதல் 2026 ஜனவரி வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சியே இல்லாமல் இந்த நகரம் நடந்தது. அதைக்கூடப் பலர் கவனிக்கவில்லை.

வரும் கோடையில் ரயிலேறும் முன் ஒரு மாலை உட்கார்ந்து, வீட்டிலுள்ள அட்டைகளை எல்லாம் பாயில் பரப்பிப் பாருங்கள். ஊரில் பெயர் இருந்து வாழ்வு இங்கே என்றால், இடமாற்றத்துக்கு 8-ஆம் படிவம். எங்குமே பெயர் இல்லாதவருக்கும், பதினெட்டு நிறைந்த பிள்ளைகளுக்கும் 6-ஆம் படிவம். தந்தை பெயரின் எழுத்து ஆதார் அட்டையில் ஒரு மாதிரி, ரேஷனில் ஒரு மாதிரி இருந்தால் அதையும் இதே கையோடு சரிசெய்துகொள்ளுங்கள். மராட்டியில் நம் பெயர்களை எழுதுகிறவர்கள் ‘ழ’வைக் கண்டால் என்ன செய்வார்கள் என்பது தெரிந்ததே. எழுதத் தெரியாத பெரியவர்களுக்குச் சங்கத்து இளைஞர்கள் ஞாயிறுதோறும் காலையில் படிவம் நிரப்பிக் கொடுப்பார்கள். வரும்போது மின்கட்டண ரசீதோ, போட்டோபாஸோ, கையில் உள்ள எந்தப் பழைய காகிதமானாலும் எடுத்து வாருங்கள்.